பூஜ்ஜியம் போட்ட இருபத்தாறு நாள்

சென்னிமலைக்கு இடுப்பில் அடிபட்டது எப்படி என்று கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஏமாற்றத்தோடுதான் திரும்பினார்கள். இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவர், வடக்கே பனிமலையில் லாரி ஓட்டியவர் என்பதால் ஊரார் தோட்டாவையாவது கண்ணிவெடியையாவது எதிர்பார்த்தார்கள். அவரோ ஸ்டெப்னியைச் சொன்னார். பஞ்சரான லாரிக்கு டயர் மாற்றும்போது பனியில் கால் வழுக்கியது. டயர் அவர் மேல் விழுந்தது. முதுகுத்தண்டில் இரண்டு வட்டு நகர்ந்துவிட்டது. எதிரி யாரும் அந்தப் பக்கமே வரவில்லை.

"இதையெல்லாம் வெளிய சொல்லாதீங் மாமா. நாங்க குண்டுன்னே சொல்லிக்கறோம்" என்றான் பக்கத்துத் தோட்டத்து வேலுசாமி.

ஹவில்தாராக ஓய்வு பெற்று, புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சொந்த ஊருக்கு வந்தவர், ஒரு பள்ளி வேன் வாங்கி ஓட்டினார். பதினான்கு பிள்ளைகள். நேரம் தவறமாட்டார். அவர் வேன் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட வீடுகள் உண்டு. இடுப்பு வலி மட்டும் ஓய்வு பெறவில்லை.

வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அபின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது அவருக்கு முதலில் தெரியாது. தெரிந்தபோது அது இல்லாமல் எழுந்து நிற்க முடியாத நிலைக்கு வந்திருந்தார். நாளுக்கு இரண்டில் ஆரம்பித்தது, ஐந்து வருடத்தில் ஒன்பதாயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுப்பது போதாமல் இரண்டு மருந்துக்கடைகளில் பழக்கம் பிடித்து வைத்திருந்தார். ஒன்பதையும் ஷேவிங் டப்பாவில் மூன்று மூன்றாக, அணிவகுப்பு மாதிரி அடுக்கி வைப்பார். ஒழுக்கமாகத்தான் கெட்டுப்போனார்.

ஒரு சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண் செருகி, வேன் பால் சொசைட்டி மதிலில் உரசி நின்றது. உள்ளே யாருமில்லை. மதிலில் கொஞ்சம் காரை பெயர்ந்தது. அவர் மனைவி மாரக்காள் நேரில் வந்து பார்த்தாள். சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் அந்த இரண்டு மருந்துக்கடைகளுக்கும் போனாள்.

"இவருக்கு இனிமே இதைக் குடுத்தீங்கன்னா நான் இங்கயே உக்காந்துக்குவேன்" என்று சொல்லி, ஒவ்வொரு கடையிலும் அரை நாள் உட்கார்ந்தும் காட்டினாள். அதற்குப் பிறகு கடைக்காரர்கள் சென்னிமலையைக் கண்டால் உள்ளே போய் ஏதோ தேட ஆரம்பித்தார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் முன்னாள் ராணுவத்தினருக்கென்றே போனில் வைத்தியம் பார்க்கிற ஒரு திட்டம் வந்திருந்தது. மாரக்காள் அவரை அதில் சேர்த்துவிட்டாள். வாராவாரம் பஸ் ஏறி அலைய வேண்டாம். போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுப்பார்கள். காலை ஆறு மணிக்கு அது மூன்று கேள்வி கேட்கும்: பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை, ராத்திரி தூங்கினீர்களா, மாத்திரைக்கு மனசு எவ்வளவு அலைகிறது. பதிலைப் பார்த்து வண்டி ஓட்டலாம் என்றால் பச்சை காட்டும், வேண்டாம் என்றால் சிவப்பு. பிறகு ஒரு பெண் குரல் மூச்சுப் பயிற்சியும் இடுப்புப் பயிற்சியும் சொல்லித்தரும். வாரம் ஒரு தடவை உளவியல் ஆலோசகர் வீடியோவில் வருவார். இந்தப் பதில்களை வைத்துத்தான் டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்.

அந்த ஆலோசகர் ஸ்ரீதேவி, ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே படித்து வந்தவர் என்பதால், எதிரில் இருப்பவர் எவ்வளவு மெல்ல முனகினாலும் அவருக்குக் கேட்டுவிடும். சென்னிமலை முனகவில்லை என்பதுதான் சிக்கல்.

வீட்டு ஒப்பந்தம் எளிமையானது. பச்சை காட்டினால் சாவி. இல்லாவிட்டால் இல்லை. தினமும் தரவேண்டிய மாத்திரையை எண்ணித் தருவதும் மாரக்காள்தான்.

முதல் நாள் ஆறு மணிக்குப் போன் கேட்டது. சென்னிமலையின் கட்டைவிரல் தானாகப் பூஜ்ஜியத்துக்குப் போனது.

ராணுவத்தில் காலை அணிவகுப்பில் அதிகாரி வந்து நின்று, எல்லாம் எப்படி என்று கேட்பார். பதில் ஒன்றுதான்: 'சப் டீக் ஹை, சாப்.' எல்லாம் சரி, ஐயா. காய்ச்சலோடு சொல்லியிருக்கிறார். பல் உடைந்த வாயோடு சொல்லியிருக்கிறார். எல்லாம் சரியில்லை என்று சொன்ன ஒரே ஒருவனை அவர் பார்த்திருக்கிறார். அவனுக்கு அன்று முழுக்க உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை கிடைத்தது. ஆகவே பூஜ்ஜியம் போட்டதைப் பொய் என்று அவர் நினைக்கவே இல்லை. அது ரிப்போர்ட்.

பச்சை வந்தது. சாவியும் வந்தது.

ஆனால் ராணுவத்தில் அந்த ரிப்போர்ட்டை யாரும் நம்பியதில்லை. சேலத்தில் நம்பினார்கள். வலியே இல்லாத ஆளுக்கு எதற்கு இத்தனை மாத்திரை என்று டாக்டர் மளமளவென்று குறைத்தார். ஒன்பது ஏழாயிற்று. ஏழு ஐந்தாயிற்று. சென்னிமலைக்கு வியர்த்துக் கொட்டியது, மூக்கு ஒழுகியது, படுத்தால் கால் தானாக உதைத்தது. காலையில் எழுந்து பூஜ்ஜியம் போட்டார்.

வீடியோவில் ஸ்ரீதேவி ஒரு நாள் கேட்டார். "சார், நெஜமாவே பூஜ்ஜியமா?"

"ஆமாங்க மேடம்."

"இருபத்திரண்டு நாளாவா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க, பார்ப்போம்."

"நெட்வொர்க் போயிருச்சுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவரே போனை அணைத்தார். அவர் வீட்டில் சிக்னல் நான்கு கோடும் நிறைந்திருந்தது. ஸ்ரீதேவி திரும்பக் கூப்பிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை நேரில் வந்தே ஆகவேண்டும் என்றார். "வாரனுங்க" என்றார் சென்னிமலை. வெள்ளிக்கு முன்னால் செவ்வாய் வந்தது.

செவ்வாய்க்கிழமை, இருபத்தாறாவது நாள். மாத்திரை ஒன்றில் வந்து நின்றிருந்தது. சென்னிமலை கட்டிலில் உட்கார்ந்து பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங், பேண்ட்ட எதுக்கு உக்காந்து போடறீங்?" என்றாள் மாரக்காள்.

"அவசரமில்லையே, மெதுவாப் போடலாமுன்னுதான்."

"வலிக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல புள்ள."

போனை எடுத்தார். பூஜ்ஜியம். நன்றாகத் தூங்கினேன். மனசு அலையவில்லை. பச்சை. மாரக்காள் பச்சையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பச்சையைப் பார்த்தாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சாவியைக் கொடுத்தாள்.

முதல் நிறுத்தம் ஹைவேக்கு அந்தப் பக்கம். நான்கு பிள்ளைகள் டீக்கடைக்கு முன்னால் பையோடு நின்றிருந்தார்கள். சென்னிமலை இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்ததாகத்தான் நினைத்தார். வேனின் மூக்கை ரோட்டில் நீட்டினார். முட்டை ஏற்றிய லாரி ஒன்று, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, ஒரு முழ இடைவெளியில் கடந்து போயிற்று.

லாரி போனது அவருக்குத் தெரிந்தது. வந்தது தெரியவில்லை.

வேனைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தினார். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் சின்னவள் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை ஆட்டி அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனைத் திறந்து காலையில் போட்டதைத் திருத்தப் பார்த்தார். 'இன்றைய பதிலுக்கு நன்றி! நாளை சந்திப்போம்' என்றது. திருத்த இடமில்லை. ஸ்ரீதேவியைக் கூப்பிட்டார்.

"மேடம், ரிப்போர்ட் குடுக்கோணுமுங்க."

"காலைல குடுத்துட்டீங்களே சார். பச்சை வந்திருக்கே."

"அது தப்பு ரிப்போர்ட்டுங்க." சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலி எட்டு. தூக்கம் இல்ல. மாத்திரைக்கு மனசு அலையறது பத்துக்குப் பத்து. இது இன்னிக்குங்க. முந்தி இருபத்தஞ்சு நாளும் இதே மாதிரிதான். ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வேன்லங்க. ஹைவே ஓரம்."

"குழந்தைங்க?"

"இன்னும் ஏத்துலீங்க. ரோட்டுக்கு அக்கட்டால நிக்கறாங்க."

"சாவி?"

"கையில."

"திரும்பப் போடாதீங்க. டாக்டர்கிட்ட பேசிட்டு இப்பவே கூப்பிடறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், இன்னிக்கே யாரையாவது கூட்டிட்டு வாங்க." பிறகு சொன்னார்: "சார், இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு வேகமாக் குறைச்சிருக்கவே மாட்டோம்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சு என்னங்க பண்றது. கேட்டா வாயில அப்படித்தான் வருது."

அடுத்து மாரக்காளைக் கூப்பிட்டு அதே ரிப்போர்ட்டைச் சொன்னார். அவள் திட்டவில்லை. "வேலுசாமிக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. வேலுசாமிதான் பக்கத்து ரூட்டில் வேன் ஓட்டுகிறவன். பால் சொசைட்டி மதிலைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்து வணக்கம் வைக்கிறவன்.

"நானே சொல்றேன்" என்றார்.

ரோட்டை நடந்தே கடந்து பிள்ளைகளோடு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். "வேன் ரிப்பேருங்களா?" என்று கேட்டாள் பாட்டில்காரி.

"டிரைவர் ரிப்பேரு சாமி."

வேலுசாமி தன் ரூட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தம்பியோடு வண்டியில் வந்து சேர்ந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது முகம்.

"என்னங் மாமா, மிலிட்டரி சரண்டர் ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு."

சென்னிமலை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுவதை வேலுசாமி பார்த்தான். "நெசமாலுமே முடியலீங்களா?"

"எட்டு."

"எட்டுன்னா?"

"பத்துக்கு."

வேலுசாமி அவரிடமிருந்து வேன் சாவியை வாங்கித் தம்பியிடம் கொடுத்தான். தானே சென்னிமலையின் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தி விட்டான். அவன் அப்படிச் செய்ததை அப்புறம் இரண்டு பேருமே யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் மாத்திரையை நான்குக்கு ஏற்றி, இந்தத் தடவை நத்தை வேகத்தில் குறைத்தார். நான்கு மாதம் வேலுசாமியின் தம்பி வேன் ஓட்ட, சென்னிமலை பக்கத்தில் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடினார். காலையில் போன் கேட்டது. எட்டு. எட்டு. ஏழு. மறுபடி எட்டு. சிவப்பு வரும்போது முதல் சில நாள், அணிவகுப்பில் மாட்டிக்கொண்டவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். உருளைக்கிழங்கு ஒன்றும் வரவில்லை. பெண் குரல் மூச்சை மெதுவாக விடச் சொன்னது. விட்டார்.

ஐந்தாம் மாதம் டாக்டர் நேரில் பார்த்துவிட்டு, வலி முழுசாகப் போகாது, ஆனால் மாத்திரை இல்லாமலே சமாளிக்கிறீர்கள், இனி வண்டி ஓட்டலாம் என்றார். டாக்டர் சொன்னார், மாரக்காள் சொல்லவில்லை. சாவி அவளுடைய ராகி டப்பாவில் இருந்தது. போன் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்க ஆரம்பித்தாள்.

"எத்தனைங்?"

"நாலு."

டப்பா திறக்கவில்லை. ஒரு வாரம் நாலு, அஞ்சு, நாலு என்று போயிற்று. பச்சை வந்தும் டப்பா திறக்கவில்லை. ஒரு நாள் காலை அவர் கட்டிலில் உட்கார்ந்து பேண்ட்டில் ஒரு காலை விட்டுக்கொண்டு வெகு நேரம் யோசித்தார்.

"எத்தனைங்னு கேட்டனே?"

"இரு. மூணுன்னு சொல்ல முடியாது. நாலும் இல்ல." இடுப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். "மூணேகால்."

போனில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு ஸ்ரீதேவிக்குப் போன் போட்டு, இப்படி மொட்டையாக நம்பர் வைத்தால் ஆள் எப்படிச் சரியாக ரிப்போர்ட் கொடுப்பான் என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆப் செய்தவர்களுக்கு எழுதி அனுப்புகிறேன் சார் என்று ஸ்ரீதேவி சொன்னார். சிரிப்பை அடக்குவது கேட்டது.

மாரக்காள் ராகி டப்பாவைத் திறந்தாள். சாவியை முந்தானையில் துடைத்துக் கட்டில் மேல் வைத்தாள்.

"உக்காந்தே போடுங், அவசரமில்ல" என்றாள்.

சென்னிமலை இன்னொரு காலையும் விட்டார். பிறகு போனை எடுத்து, மூன்றா நான்கா என்று பார்த்து, நான்கைப் போட்டார்.