மருமகளின் வலது கட்டைவிரல்

என் மருமகள் மசாஜ் வேலை செய்கிறவள் என்று சொன்னால் சிலர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும். அவள் இரண்டு வருஷம் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினவள். எந்தச் சதை எந்த எலும்பில் போய் ஒட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அந்தப் படிப்புக்கு என் முதுகுதான் பலகை. சாயங்காலமானால் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, ஒவ்வொரு இடமாக விரலை ஊன்றி, வாயில் நுழையாத பேராக ஒன்று சொல்லுவாள்.

“அத்தை, சரியா சொன்னேனா?”

“எனக்கென்னடி தெரியும்? நீ சொன்னா சரிதான். அந்த இடத்தை மட்டும் விட்டுடாதே, இன்னும் கொஞ்சம் அழுத்து.”

நல்ல மார்க்கில் தேறினாள். அதில் பாதி என் முதுகு வாங்கினது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேலை ஒரு கிளினிக்கில் கிடைத்தது. ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் பேரைப் பணம் கட்டி வாங்கி, பலகை மாட்டி நடத்துகிற இடம். அதே பலகை, அதே இளம்பச்சைச் சுவர், அதே புல்லாங்குழல் பாட்டு நூறு ஊரில் உண்டாம். முதலாளியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கிறது மேனேஜரைத்தான். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல செய்தி சொன்னாலும் சிரிப்பான், கெட்ட செய்தி சொன்னாலும் அதே அளவுக்குச் சிரிப்பான். நாங்கள் வீட்டில் அவனுக்குச் சிரிப்பு மேனேஜர் என்றே பேர் வைத்துவிட்டோம்.

ஒரு தடவை அவளுக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனேன். முன் அறையில் மெத்தென்ற நாற்காலிகள், எலுமிச்சைத் துண்டு மிதக்கிற தண்ணீர், மூலையில் சலசலக்கிற குட்டிச் செயற்கை ஊற்று. உட்கார்ந்தாலே தூக்கம் வரும். பின்கதவைத் தள்ளினால் வேறு உலகம். ஜன்னலே இல்லாத ஆறு அறைகள். கடைசியில் ஒரு சாமான் அறை. கூரைவரை விரிப்புகளும் துண்டுகளும், ஓயாமல் உறுமுகிற துணி துவைக்கிற மெஷின், நடுவில் ஒரே ஒரு ஸ்டூல். வேலை செய்கிற பெண்கள் ஐந்து பேர்.

“அஞ்சு பேருக்கு ஒரு ஸ்டூலா?” என்றேன்.

அங்கிருந்த ஒருத்தி சிரித்தாள். நல்ல பருத்த உடம்பு, மருமகளைவிடப் பத்து வயது மூத்தவள். “அதுக்கெல்லாம் சண்டையே வர்றதில்லம்மா. உட்கார நேரம் கிடைச்சாத்தானே சண்டை போடுறதுக்கு!”

அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. வருகிறவரிடம் ஒரு மணி நேரம் என்றுதான் சொல்லுவார்கள். அவருடம்பில் கை படுகிறது ஐம்பது நிமிஷம். மிச்சம் பத்து நிமிஷத்தில் அவர் எழுந்து, சட்டை போட்டு, சீப்பு எங்கே என்று தேடி, வெளியே போகவேண்டும். இவள் விரிப்பை உருவி, படுக்கையைத் துடைத்து, புது விரிப்பு போட்டு, எண்ணெய் நிரப்பி, முழங்கைவரை கை கழுவி, முடிந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்து, முடிந்தால் ஒதுங்கப் போய் வரவேண்டும். அதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார். ஒரு நாளைக்கு ஏழு பேர். ஆளே வராத நாளில் சாமான் அறையில் துண்டு மடித்துக்கொண்டே காத்திருக்கவேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது. அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. உடம்பைத் தொட்டால்தான் கூலி.

அதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியிருப்பாள். அவளைக் கெடுத்தது கம்பெனிப் புத்தகம். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் மசாஜ் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். முதல் இருபது நிமிஷம் கட்டைவிரலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கீழிருந்து மேலே. யார் வந்தாலும், எந்த வலியோடு வந்தாலும், கட்டைவிரல்தான். படிப்பு சொல்லிக்கொடுத்த இடத்தில் அவளுக்கு வேறு மாதிரிப் பழக்கியிருந்தார்கள். முழங்கையை வை, முன்கையை உருட்டு, உடம்பின் பாரத்தைச் சாய்த்து இறக்கு, கட்டைவிரலைக் கடைசிக்கு வைத்துக்கொள், அது தேய்ந்தால் திரும்ப முளைக்காது என்று. அந்தப் பருத்த அம்மாள் அப்படித்தான் செய்வாள். அவளுக்கு அங்கே முழங்கை அக்கா என்றே பேர். எங்கேயோ ஒரு கிளையில் யாரோ ஒரு பெரிய மனுஷன், முழங்கையால் இடிக்கிறார்கள், மரியாதை இல்லை என்று புகார் எழுதினானாம். அன்றோடு எல்லாக் கிளையிலும் முழங்கைக்குத் தடை. முழங்கை அக்கா மறுவாரமே நின்றுவிட்டாள். போகும்போது மருமகளிடம், “நீயும் கிளம்புடி. இவங்களுக்கு உன் விரல் மேல என்ன அக்கறை? அது தேஞ்சா வேற விரல் வரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் மருமகள் கிளம்பவில்லை. என் மகன் பஸ் ஓட்டுகிறவன். இரண்டு பேர் சம்பாதித்தால்தான் மூச்சு விடமுடியும். தவிர, வாடிக்கையாளர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். “இரும்பு விரல் அம்மா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். சிரிப்பு மேனேஜர் சிரித்துக்கொண்டே எட்டாவது ஆளையும் அவள் தலையில் கட்டுவான்.

மூன்றாம் வருஷம் இரும்பு வலிக்க ஆரம்பித்தது. பூட்டில் சாவியைத் திருப்பமாட்டாள், என்னிடம் நீட்டுவாள். கையிலிருந்து டம்ளர் நழுவும். தோல் நிறத்தில் ஒரு பட்டை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டு போனாள். மேனேஜர், “கஸ்டமர் பார்த்தா நல்லாருக்காது, எடுத்துடுங்களேன்” என்றான். எடுத்துவிட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். வேலை முடிந்து வந்ததும் என் முழங்காலைப் பத்து நிமிஷம் பிடித்துவிடுவது அவள் வழக்கம். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். ஒருநாள் முழங்காலில் கையை வைத்தவள் சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

“அத்தை, இனிமே என்னால முடியல. தப்பா நினைச்சுக்காதீங்க.”

“போடி பைத்தியம். என் முழங்கால் எங்கயும் ஓடிப்போயிடாது. நீ கையைப் பாரு.”

அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஒரு வருஷமாக அவள் என் காலைத் தொட்டதே இல்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். “முப்பத்தெட்டு வயசுங்கிறீங்க, விரல் எழுபது வயசு காட்டுதே” என்றார். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோயிருந்தது. ஆறு மாசத்துக்குள் ஆபரேஷன் செய்தால் விரல் பிழைக்கும், விட்டால் மூட்டு இறுகிப்போய் மடங்காது என்றார். எங்கள் கைக்கு எட்டுகிற ஆபரேஷன் இல்லை. வேலையால் வந்த பாதிப்பு என்றால் கம்பெனி இன்சூரன்ஸே செய்துகொடுக்குமாம். சிரிப்பு மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒரு படிவம் கொடுத்தான். அவள் இடது கையால் கோணல்மாணலாக நிரப்பிக் கொடுத்துவிட்டு விடுப்பில் வீட்டில் இருந்தாள்.

பத்து நாள் கழித்து, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுப் போன் அடித்தது. முதலில் ஒரு மெஷின் குரல், பேசுவதெல்லாம் பதிவாகும் என்று என்னவோ சொன்னது. பிறகு ஒரு பெண். சர்க்கரைக் குரல்.

“அம்மா, இன்சூரன்ஸ்லேருந்து பேசறேன். உங்க மருமகளைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம்னு கூப்பிட்டேன். வீட்ல எப்படி இருப்பாங்க?”

எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். வீட்டுப் பெண்ணைப் பற்றி வெளியாள் விசாரித்தால் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆபரேஷன் செய்துகொடுக்கலாமா, நல்ல பெண்தானா என்று விசாரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தையாகச் சொன்னேன். “அவ மாதிரி ஒருத்தி கிடைக்கமாட்டாம்மா. சும்மாவே இருக்கமாட்டா. துணி எல்லாம் கையாலதான் துவைப்பா. வீட்டு வேலை மொத்தமும் அவதான்.”

“ஓ! உங்களையும் நல்லா பார்த்துக்குவாங்களா?”

மாமியாரைக் கவனிக்கமாட்டாள் என்று ஒருத்தி நினைத்துவிட்டால்? நிறுத்திவிட்டாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. “பின்னே? எவ்வளவு களைப்பா வந்தாலும் தினம் அரை மணி நேரம் என் கால்களைப் பிடிச்சுவிட்டுத்தான் மறுவேலை. என்ன அழுத்தம்ங்கிறீங்க!”

“தினமுமா அம்மா?”

“ஒருநாள்கூடத் தவறமாட்டா.”

போனை வைக்கும்போது எனக்குப் பூரிப்பு. நல்லபடியாகச் சொல்லிவிட்டோம் என்று.

கடிதம் வந்தது. என் மகன் படித்தான். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான். பாதிப்பு வேலையால் வந்ததாகக் கொள்ள முடியாது, வீட்டில் தினசரி கையால் துணி துவைப்பதும், முதிய உறவினருக்கு நாள்தோறும் அரை மணி நேரம் அழுத்தி மசாஜ் செய்வதும் காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதியிருந்தது.

“அம்மா, நீ என்ன சொன்னே அவங்ககிட்ட?”

சொன்னேன். அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மருமகள்தான் பேசினாள். “விடுங்க. என்னை உசத்தியாத்தானே சொல்லியிருக்காங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனா அரை மணி நேரமா அத்தை? பத்து நிமிஷம்தானே” என்றாள். சிரிப்பு வந்தது எங்களுக்கு.

மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதினாள். மறுபடி போன் வரும், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அது போதும் என்றாள். வந்தது. அதே சர்க்கரைக் குரல். எல்லாரும் கேட்கிற மாதிரி போனை மேஜையில் வைத்தார்கள்.

“அம்மா, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்” என்று நானே ஆரம்பித்தேன். “அவ என் காலைத் தொட்டு ஒரு வருஷமாச்சு. கை வலிக்குதுன்னு நிறுத்திட்டா. பிடிச்ச காலத்துலயும் பத்து நிமிஷம்தான். துணிக்கு வீட்ல மெஷின் இருக்கு. நான் பெருமைக்குச் சொன்னது.”

“பெருமைக்கா?”

“ஆமாம்மா. மருமகளை யாராவது விட்டுக்கொடுப்பாங்களா?”

“நீங்க அன்னைக்குச் சொன்னதை ஒரு தடவை போட்டுக் காட்டட்டுமா?”

போட்டாள். என் குரல் வந்தது. எவ்வளவு சந்தோஷமாகப் பேசியிருக்கிறேன்! ஒருநாள்கூடத் தவறமாட்டா என்று அடித்துச் சொல்கிறேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் தன் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு தடவையும் சொன்னது நீங்கதானே அம்மா?”

“நான்தான். இப்பச் சொல்றதுதான் நிஜம்.”

“ரெண்டும் எழுதிக்கிறேன் அம்மா.”

“அப்ப இன்னொண்ணையும் எழுதிக்கோ! ஒரு நாளைக்கு ஏழு பேர், மூணு வருஷம், அத்தனை முதுகும் அவ விரலைத் தின்னலை, என் முழங்கால்தான் தின்னுடுச்சா?”

“என்கிட்ட இருக்கிற படிவத்துல வீட்டைப் பத்தின கேள்வி மட்டும்தான் இருக்கும்மா” என்றாள். கொஞ்சமும் குரல் மாறவில்லை.

இரண்டாவது கடிதம் முதலாவதைவிடச் சின்னது. குடும்பத்தார் சொன்னது முன்னுக்குப் பின் முரணாக இருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அதோடு இன்னொரு கடிதமும், கிளினிக்கிலிருந்து. ஒப்பந்தம் இனிமேல் நீட்டிக்கப்படாது. அவள் மேல் எழுத்தில் ஒரு குற்றமும் சொல்லவில்லை. இலவச ஆபரேஷனுக்காக எங்கெங்கோ அலைந்தோம், எங்கும் தேதி கிடைப்பதற்குள் ஆறு மாசம் ஓடிவிட்டது. விரல் டாக்டர் சொன்ன மாதிரியே இறுகிப்போயிற்று. இப்போது எதையும் பிடிக்க அவள் நாலு விரலை உள்ளங்கையோடு சேர்த்துத்தான் பிடிக்கவேண்டும். பஸ் டிப்போவில் டிக்கெட் கட்டுகளை எண்ணி அடுக்குகிற வேலையை மகன் சொல்லி வாங்கிக்கொடுத்திருக்கிறான். அதிலும் வேகம் போதவில்லை என்கிறார்களாம்.

போன வாரம் சிரிப்பு மேனேஜர் போன் செய்தான். கிளினிக்கில் வேலைக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்த இளம்பச்சைச் சட்டை இரண்டு அவளிடம் இருக்கிறதாம். துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டுமாம். அவளும் துவைக்க எடுத்துவைத்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

“நீ தொடாதே. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.”

“அத்தை, சண்டை போடாதீங்க.”

“சண்டை எதுக்கு? சட்டை கொடுக்கத்தானே போறேன்.”

துவைக்கவில்லை, இஸ்திரி போடவில்லை. எண்ணெய் வாடையோடு சுருட்டிக் கொண்டுபோய் மேஜைமேல் போட்டேன். முன் அறையில் இரண்டு பேர் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“கசங்கியிருக்கேம்மா” என்றான் சிரித்துக்கொண்டே.

“இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க அவளுக்குக் கட்டைவிரல் இல்லப்பா. அதை நீங்கதான் வச்சிருக்கீங்க. திருப்பிக் கொடு, இஸ்திரி போட்டுக் கொண்டாரேன்.”

சிரிப்பு அப்படியே இருந்தது. காதுமடல் மட்டும் சிவந்தது. மெல்ல என் தோளைப் பிடித்துப் பின்கதவுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினான், முன்பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்கவேண்டாம் என்று. அங்கே சாமான் அறை வாசலில் புதிதாக ஒரு பெண், அழுக்கு விரிப்புகளை அணைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வலது கையை உதறினாள்.

“எத்தனாவது ஆளும்மா?” என்றேன்.

“ஆறாவது. இன்னும் ஒருத்தர் இருக்காங்க.” என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

“வீட்ல யாருக்காவது கை கால் பிடிச்சுவிடுவியா?”

“எங்கம்மாவுக்கு. எப்பவாவது ஞாயித்துக்கிழமை. ஏன் பாட்டி?”

“யாராவது போன் பண்ணி உன்னைப் பத்தி விசாரிச்சா, உங்கம்மாவை வாயைத் திறக்கவேண்டாம்னு சொல்லு. நல்லா கேட்டுக்கோ. ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவேண்டாம்னு சொல்லு.”