தெர்மாகோலைத் தின்ற ஒயர்

பிள்ளைகளே, ஒயர் தெர்மாகோலைத் தின்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டு பீரோ மேலேயே.

நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அறிவியல் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் ஒரு வீடு செய்தாள். லைட் கனெக்‌ஷன் என் பொறுப்பு. தறிக்கூடத்தில் மிஞ்சிய ஒயரைச் சுவரைச் சுற்றிக் கட்டினேன். தறியில் பாவு நூல் கட்டிப் பழகிய கைக்குத் தொய்வு பிடிக்காது, இழுத்து இறுக்கிவிட்டேன். கண்காட்சி தள்ளிப்போனது. கோடை முழுக்க வீடு பீரோ மேலே கிடந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் இறக்கிப் பார்த்தால், ஒயர் சுவருக்குள் பாதி புதைந்திருக்கிறது! சுற்றிலும் பிசின் மாதிரி ஒட்டுகிறது.

"எப்பா! என் வீட்டை என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலட்டி. எலியா இருக்கும்."

"எலி ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாக்கும் திங்கும்?" என்றாள் என் மனைவி. "கரண்டு சூட்டுல உருகியிருக்கும்."

கரண்டே கொடுக்கவில்லையே! வேறு வீடு செய்ய நேரமும் இல்லை. "நான் நாளைக்கு வரலைன்னு சொல்லிருதேன். இதைக் குப்பையில போடுங்க" என்று மகள் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளையும் வீட்டையும் வண்டியில் ஏற்றி, அறிவியல் டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் ஒயரை மெல்லப் பிய்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஒயரின் பிளாஸ்டிக் விறைக்காமல் வளைவதற்காக எண்ணெய் மாதிரி ஒன்றைக் கலப்பார்களாம். அதில் ஒரு வகை, தீ பரவுவதையும் தடுக்குமாம். பெயர் ட்ரைகிரெசில் பாஸ்பேட். அப்படிப்பட்ட எண்ணெய் நாள்பட மெல்லக் கசிந்து, ஒட்டியிருக்கும் தெர்மாகோலை இளக்கிவிடுமாம்.

"இந்த ஒயர்ல எந்த எண்ணெய்னு எனக்குத் தெரியாது. ஆனா நடந்தது இதுதான்" என்றார்.

"அப்பம் என் வீடு, டீச்சர்?"

"இதையே வையி மக்கா. இவ்வளவு நேர்த்தியா யாராலயும் கெடுக்க முடியாது" என்று என்னைப் பார்த்தார்.

மறுநாள் 'ஒயர் ஏன் தெர்மாகோலைத் தின்றது?' என்று அட்டை எழுதி வைத்தாள். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். எனக்கு வாயில் நுழையாத அந்தப் பெயரை அவள் திக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். பரிசு என்னவோ பக்கத்து மேசை எரிமலைக்குத்தான். இவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

திரும்பும்போது பின்னாலிருந்து கரகரத்த குரலில் ஒரு அதட்டல்: "எப்பா, பைய ஓட்டுங்க, வீடு உடைஞ்சிரும்! தெருவுல எல்லாருக்கும் காட்டணும்."