கோட்டைக்குக் கிழக்கே

ராஜா காலத்துக் கோட்டைக்கு வெளியே, சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடையின் புதுப் பலகையைப் பார்த்ததும் என் கால்கள் நின்றுவிடுகின்றன. இங்கிலீஷ் வாத்தியார் கால்கள் அப்படித்தான். 'இன் தி ஈஸ்ட் ஆஃப் தி ஃபோர்ட்' என்று எழுதியிருக்கிறது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"இன் தப்பு," என்கிறேன் கடைக்காரரிடம். "கடை கோட்டைக்குள்ளேயே, கிழக்குப் பகுதியில இருக்குன்னு அர்த்தமாயிடும். கோட்டைக்கு வெளியே கிழக்குப் பக்கம்னா 'டு' போடணும்."

நாஞ்சில் நாட்டுக்காரரான அவர் பதறுகிறார். "ஐயோ சாரே, கோட்டைக்குள்ள அரிசிக் கடை போட்டேன்னா என்னைப் பிடிச்சு உள்ள தள்ளிருவாங்களே!"

உடனே ஏணி வருகிறது. பெயிண்டர் ஏறி 'இன்'னை அழித்து 'டு' எழுதுகிறார். எனக்கு ஒரு பெரிய டம்ளர் மோர் கிடைக்கிறது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு வழி கேட்கிறேன்.

"தம்பானூருக்கா? நேரே வடக்கோட்டு போங்க."

உச்சி வெயில். என் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வடக்கு எது?" என்கிறேன்.

கடைக்காரர் ஏணியில் நிற்கும் பெயிண்டரைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

"எந்த வடக்கு வேணும் சாரே? இன் வடக்கா, டு வடக்கா?"