விழுந்தவர் எழும்வரை

என் அக்கா புருஷனுக்கு டிவி பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘லொடலொட’. கால்பந்து வர்ணனை அவர் வேலை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் மைக்கைத் திறந்து மூடுவது என் வேலை. பந்து எங்கே போகிறது என்று சொல்லச் சொன்னால், ஆட்டக்காரரின் மாமனார் வீடுவரை போய்விட்டு வருவார். அதற்குள் கோல் விழுந்திருக்கும். ‘அந்த ஆளை வாயை மூடச் சொல்லுங்கள்’ என்று வாரம் தவறாமல் கடிதம் வரும். அவர் லீவு போட்டாலோ, ‘எங்கே எங்கள் லொடலொட?’ என்று அதே ஆட்கள் கேட்பார்கள். இந்த ஜனங்களை யாரால் திருப்திப்படுத்த முடியும்?

ஆட்டம் நிற்கும் நேரம்தான் எங்களுக்குக் கண்டம். சத்தம் நின்றால் ஆட்கள் வேறு சேனலுக்குத் தாவிவிடுவார்கள் என்று மேலதிகாரி காதில் ஓதிக்கொண்டே இருப்பார். அதனால் யாராவது விழுந்தால் அத்தான் ஒரு ஜோக்கை எடுத்துவிடுவார். வரம்பு மீறினால் மைக்கை மூட வேண்டியவன் நான்.

அன்று பிற்பகல் ஒரு கோல்கீப்பர், பந்து எங்கோ இருக்க, தானாக மடங்கி விழுந்தார். அவர் அணிதான் முன்னிலையில் இருந்தது. நேரம் கடத்துகிறார் என்றே நினைத்தோம்.

“நடிச்சது போதும், எழுந்திருப்பா. வீட்ல அம்மா சமைச்சு வெச்சிட்டுக் காத்திருப்பாங்க,” என்றார் அத்தான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பொத்தான்மேல் இருந்த விரல் அசையவில்லை. கோல்கீப்பர் எழவே இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அதன்பிறகு யார் விழுந்தாலும் அத்தான் வாய் திறக்கமாட்டார். விழுந்தவர் எழும்வரை மேசைக்கடியில் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். கொடுமை என்னவென்றால், ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான். ‘என்ன பக்குவம்’ என்று கடிதங்கள். விருதுகூட வந்தது. அதைச் செருப்பு அலமாரிக்குள் தள்ளிவிட்டார். வீட்டில் அக்கா கைதவறிக் கரண்டியைப் போட்டால்கூட அவர் பேச்சு நின்றுவிடும்.

“அந்த அம்மாகிட்ட ஒரு திட்டு வாங்கிட்டா போதும்டா, நிம்மதியாத் தூங்கிடுவேன்,” என்பார். இரண்டு வருடம் இதே பாட்டு. கடைசியில் ஒரு காலையில் நானே அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

கோல்கீப்பரின் அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் மெஷினுக்கு எதிரே டிவி இருந்தது. அத்தான் வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசியதுமே அந்த அம்மா குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

“நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. திட்டுங்க.”

“எப்படித் திட்டுவேன் தம்பி? உங்க பேச்சுன்னா எனக்கு உசிரு. நீங்க சொன்னதும் நானும் சிரிச்சேன். ‘எழுந்து வாடா, சோறு ஆறுது’ன்னு நானும் டிவியைப் பார்த்துச் சொன்னேன்.”

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

“இப்பல்லாம் யாராவது விழுந்தா ஏன் தம்பி பேச மாட்டேங்கறீங்க? நீங்க பேசாம இருந்தா, அங்க விழுந்து கெடக்கறது என் புள்ளதான்னு தோணுது. என்னால உக்கார முடியல.”

அடுத்த சனிக்கிழமை ஒருவர் விழுந்தார். அத்தான் மைக்கை நெருங்கினார்.

“கால்லதான் அடிம்மா. கண்ணு தெறந்திருக்கு. மூச்சு விடறார். கையை அசைக்கறார். தண்ணி குடிக்கறார்,” என்று விழுந்தவர் எழுந்து நிற்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மைக்கை மூடவில்லை.

திங்கட்கிழமை, அந்த ஆளை வாயை மூடச் சொல்லி நாற்பது கடிதங்கள் வந்திருந்தன.