காளைக்கு வந்த சக்களத்தி

வெப்கேத்துக்கு ஒரு சக்களத்தி இருந்தது. அதற்கு இரண்டு கொம்பு, நான்கு கால், உடம்பெல்லாம் கறுப்பு. இயூனு நகரத்தில் அதன் முன்னால் குனியாத முதுகு கிடையாது. மெர்வெர் என்று பேர். சூரியனான ரே பகலெல்லாம் வானத்தில் படகோட்டிப் போகிறார். அவர் பூமியில் விட்டு வைத்திருக்கும் உயிர் இந்தக் காளை. விடிந்ததும் கோயில் தூணின் பொன்முனையில் முதல் வெயில் படும். உடனே காளையை முற்றத்துக்குக் கொண்டுவந்து கிழக்குப் பார்க்க நிறுத்துவார்கள். துதி பாடி முடியும்போது அது ஒரு வாய் தின்ன வேண்டும். தின்றால் ரேயின் மனம் குளிர்ந்திருக்கிறது என்று ஊர் தன் வேலையைப் பார்க்கப் போகும்.

அந்த ஒரு வாயைப் பத்தொன்பது வருடமாக ஊட்டியவர் வெப்கேத்தின் புருஷன் பரேம்ஹெப். எனக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். நான் கோயில் ரொட்டிச் சாலையில் மாவரைப்பவள். அந்தச் சுவர் மண்சுவர்தான்; அவர்கள் வீட்டில் தும்மினால் நான் "நல்லாயிரு" என்பேன்.

தங்கள் இரண்டு பெண்களையும் மென்னெஃபெர் ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குரல் ஒன்றுதான், அது வெப்கேத்துடையது. பரேம்ஹெப் பேச்சையெல்லாம் காளையின் தொழுவத்திலேயே செலவழித்துவிட்டு வெறும் வாயோடு வருவார்.

"காலையில அதுகிட்ட என்னடி பேசுவாரு இந்த மனுஷன்?" என்று என்னிடம் கேட்பாள். "நானும் ஒரு நாள் ஒளிஞ்சு நின்னு கேட்டேன். 'என் கண்ணு, தூங்குனியா, கொசு கடிச்சுதா'ங்கறாரு. எனக்குக் காய்ச்சல் கண்டு மூணு நாள் சுருண்டு கெடந்தேனே, என்ன கேட்டாரு தெரியுமா? 'நீ தும்முனியே, என் மேல படலையே, அதுக்கு ஒட்டிக்குமே'ன்னு கேட்டாரு!"

"சாமியாச்சே அக்கா" என்பேன்.

"சாமின்னா சாமியா இருக்கட்டும். பொண்டாட்டி மாதிரி ஏன் இருக்கணும்?"

தேன் ஜாடி வீட்டுக்கு வந்தால் பாதி காளைக்குப் போகும். பெண்கள் அனுப்பிய வாசனை எண்ணெயை அதன் கொம்புக்குத் தடவினார். அன்றைக்கு வெப்கேத் சமைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த வருடம் ஆற்றில் வெள்ளம் ஏறுவதற்கு முந்தைய வெக்கையில் மெர்வெர் வாயை மூடிக்கொண்டது. ஐந்து நாள். பரேம்ஹெப் எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பியது. ஊரில் அடுப்பு எரிந்தாலும் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பரேம்ஹெப் பாதி ஆளாகிவிட்டார். ஆறாம் நாள் விடியலில் வெப்கேத் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா. அந்த மூதேவிய நேருக்கு நேர் நாலு கேள்வி கேக்கணும்."

பெண்கள் நிற்கும் வேலிக்கு அருகே போய் நின்றோம். துதி முடிந்தது. காளை அசையவில்லை. சந்நிதிப் பூசாரி செதாவ், மொட்டைத் தலை வேர்க்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வெப்கேத் வேலிக்கு மேல் கையை நீட்டி ஆட்டினாள்.

"ஏன், இன்னும் என்ன வேணும் உனக்கு? தேன் குடுத்தாச்சு, எண்ணெய் குடுத்தாச்சு, கட்டுன புருஷனையும் குடுத்தாச்சு. என்னையும் தின்னுட்டுப் போயேன்!"

காளை மெல்லத் திரும்பிப் பார்த்தது. நடந்து வந்தது. அவள் நீட்டிய கையை, முழங்கை வரை, கரகரவென்று நக்கியது. செதாவ் ஓடிவந்து அவள் கையில் வாற்கோதுமையை அள்ளி வைத்தார். அது ஒரு மணிகூட மிச்சம் வைக்காமல் தின்றது.

முற்றம் முழுக்கக் கைகளைத் தூக்கி ரேயை வாழ்த்தியது. வெப்கேத் மட்டும் எச்சில் வழியும் கையைப் பார்த்தபடி நின்றாள். "நாக்கு எப்படிச் சுடுது பாரேன்" என்றாள் என்னிடம், சின்னக் குரலில்.

மறுநாளும் பரேம்ஹெப் கையில் தின்னவில்லை. அவள் கையில் தின்றது. செதாவ் சொல்லிவிட்டார்: தினமும் குளித்து, உவர் உப்பில் வாய் கொப்பளித்து, வெள்ளைத் துணி கட்டி அவள் வர வேண்டும். பரேம்ஹெப் பின்னால் நின்று கூடையைப் பிடிக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் ஆள் மாறிவிட்டாள். என்னிடமே, "நேத்து அது கண்ணைச் சிமிட்டுச்சுடி" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது குரலை உயர்த்தியவர் அவர்.

"கையில என்ன தடவிட்டுப் போற? சொல்லு."

"ஒண்ணும் தடவல."

"உப்பு தடவுற. இல்ல மாவு. அது என் பிள்ளை மாதிரி. பத்தொம்பது வருஷம் அது பேனை நான் எடுத்திருக்கேன். நீ நேத்து வந்தவ."

"நேத்து வந்தவ கையில ருசி இருக்கு போல" என்றாள். சொல்லியிருக்க வேண்டாம்.

ஒரு நாள் மத்தியானம் தொழுவத்துக்கு ரொட்டி கொண்டுபோனேன். பரேம்ஹெப் அங்கே வெப்கேத்தின் மேல்துணியைத் தலையில் முக்காடாகப் போட்டு, அவள் வளையலை மணிக்கட்டில் பாதியில் சிக்கவைத்துக்கொண்டு, குரலை மெல்லியதாக்கி, "என் ராசா, வா" என்று கோதுமையை நீட்டிக்கொண்டிருந்தார். காளை மோந்து பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டது. திரும்பிக்கொண்டது. என்னைக் கண்டதும் அவர் துணியைப் பிடுங்கிய வேகத்தில் வளையல் உடைந்தது. சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் சிரிக்க முடியவில்லை. ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளம் ஏறிய முதல் மாதம் ஒன்பதாம் நாள் ஊரே வாசலில் மீன் சுட்டுத் தின்னும். சந்நிதிக்குள் போகிறவர்கள் மட்டும் தின்னக் கூடாது. தங்கள் பங்கு மீனை வாசலில் எரித்துவிட வேண்டும். வெப்கேத்தும் எரித்தாள். அவளுக்கு மீனென்றால் உயிர். நான் ஒரு துண்டை நீட்டினேன். "வேண்டாம்டி, என் மெர்வெருக்கு வாடை ஆகாது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவளைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மீன் தின்ற வாயோடு சாமிக்கு ஊட்ட வந்தாளாம். செதாவின் காதுக்குச் செய்தி போயிருந்தது. நான் சாட்சி சொல்லப் போனேன். "மாவரைக்கறவ சாட்சியா? உன் வாயே மீன் நாறுது" என்றார்கள். நாறியதுதான். நான் தின்றிருந்தேனே.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, வெள்ளைத் துணியை மடித்து வைத்தாள். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "நீங்கதான?"

அவர் பானையில் தண்ணீர் மொண்டார்.

"நான் எரிச்சதைப் பக்கத்துல நின்னு பார்த்த ஆளு நீங்க. சாம்பலைக் கூட நீங்கதான் கூட்டுனீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றார். "அது உன் கையைப் பார்த்தா ஓடி வருது. என்னைப் பார்த்தா திரும்பிக்குது. வயிறு எரியுது வெப்கேத். கண்ணை மூடுனா உன் கைதான் தெரியுது."

நான் மாவுக்கல்லை நிறுத்திவிட்டேன்.

"இருபத்தாறு வருஷம் உங்களோட வாழ்ந்திருக்கேன்" என்றாள். "ஆத்தங்கரையில படகுக்காரங்க கூட நான் சிரிச்சுப் பேசினா, திரும்பிக் கூடப் பார்க்க மாட்டீங்க. என்னை நெனைச்சு ஒரு நாளாச்சும் இப்படி எரிஞ்சிருக்கா அந்த வயிறு? கடைசியில பொறாமைப்படறதும் மாட்டுக்காகத்தான்."

அவர் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தார். வெயில் உச்சியில் இருந்தது. நிழலுக்குக்கூட நகரவில்லை.

இரண்டு நாள் மெர்வெர் அவர் கையில் தின்னவில்லை. மூன்றாம் நாள் துதி தொடங்குவதற்கு முன்பே பரேம்ஹெப் செதாவிடம் போய், பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். ரேயின் முற்றத்தில் பொய் சொன்னவன் அந்த முற்றத்தை மிதிக்கக் கூடாது. தொழுவ வேலை அந்த நொடியே போயிற்று. இனி வாய்க்கால் கரையில் தீவனம் அறுக்க வேண்டும். அதற்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வா. உன்னைக் கூப்பிடறாங்க. வெளுத்த துணி கட்டிக்கோ."

"வேலை?"

"போச்சு."

அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். துணியை எடுத்துக் கட்டினாள். நானும் பின்னால் போனேன். அடுத்த வீட்டுக்காரி போகாமல் இருப்பாளா?

வேலிக்கு வந்தபோது துதி முடிந்திருந்தது. முற்றத்து நடுவில் கெண்ணா நின்றிருந்தான். கோயிலுக்கு வெங்காயம் சுமக்கிற ஆள். ஐம்பது வயது, மாறுகண். வாயில் ரொட்டியை மென்றுகொண்டே ஒரு கையால் மெர்வெரின் கழுத்தைச் சொறிந்தான். இன்னொரு கையில் கோதுமை. காளை கண்ணை மூடி, சொக்கிப்போய், தின்றுகொண்டிருந்தது.

"இதோ, தின்னுடுச்சு!" என்று செதாவ் சந்தோஷத்தில் கத்தினார். "நீ வர நேரமாச்சேன்னு இவன்கிட்ட நீட்டச் சொன்னேன். எடுத்த எடுப்புல தின்னுடுச்சு!"

வெப்கேத்தைக் கண்டும் காளை கண்ணைத் திறக்கவில்லை. அவள், "மெர்வெர்" என்றாள். அதன் காது ஆடியது, ஈயை விரட்டத்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்கள்.

"கெண்ணாவா?" என்றார் அவர்.

"வெங்காய நாத்தம் கூட ஆகுது போல அதுக்கு" என்றாள் அவள்.

"சொறியற லட்சணத்தைப் பாரு. தாடைக்குக் கீழதான சொறியணும்."

"ஆமா. கழுத்துல சொறிஞ்சா அதுக்குப் பிடிக்காது."

"பிடிக்கவே பிடிக்காது."

பிடித்திருந்தது என்பதை மூன்று பேருமே பார்த்துக்கொண்டிருந்தோம். வீடு வரை கெண்ணாவைத் திட்டிக்கொண்டே இருவரும் போனார்கள். அவர்கள் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

அவளைச் செதாவ் திரும்ப அழைத்தார். அவள் போகவில்லை. "அங்க ஒருத்தன் இருக்கானே, அவனே ஊட்டட்டும்" என்றுவிட்டாள். பரேம்ஹெப் தீவனம் அறுத்தார். அவள் கட்டுக் கட்டினாள். மெர்வெர் இன்னும் நான்கு வருடம் இருந்தது. அது செத்தபோது ஊர் எழுபது நாள் தலைவிரி கோலமாக இருந்தது. இவர்கள் இருவரும் அழுதது நிஜம். கெண்ணா தங்களைவிடச் சத்தமாக அழுகிறான் என்று இருவருக்கும் கோபம் வந்ததும் நிஜம்.

புதுக் காளைக்கும் அவர்கள் அறுத்த தீவனம்தான் போகிறது. நேற்று வாய்க்கால் பக்கம் போனேன். அது ருசித்துத் தின்பது அவர் அறுக்கிற பக்குவத்தாலா, அவள் கட்டுகிற பக்குவத்தாலா என்று இருவருக்கும் பெரிய சண்டை. என்னை நியாயம் சொல்லக் கூப்பிட்டார்கள். ரொட்டி கருகுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.