இரண்டாம் எண் வேட்பாளர் சுகாத்மி

2019ஆம் ஆண்டு நவம்பர் 13, புதன்கிழமை. மழை தொடங்கியிருக்க வேண்டிய மாதம். ஆயினும் வாதுகெம்பாரில் அன்று காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. வயற்புழுதி பறந்துவந்து வாக்குச்சாவடிப் பந்தலின் மேல் படிந்தது. பந்தலுக்குள் இருந்த மேடையில் எங்கள் ஊர்த்தலைவர் பாக் மர்தோயோவும் அவருடைய மனைவி பு சுகாத்மியும் அருகருகே அமர்ந்திருந்தனர். ஆண்களைப் பாக் என்றும் பெண்களைப் பு என்றும் மரியாதையாக அழைப்பது எங்கள் வழக்கு. வேட்பாளர்கள் வாக்குப்பதிவு முடியும்வரை வாக்காளர்களின் கண்முன்னே அமர்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஜாவா வழக்கம். மர்தோயோவின் நாற்காலியில் அவருடைய சின்னமான நெற்கதிர்க் கட்டு ஒன்று கட்டப்பட்டிருந்தது. சுகாத்மியின் நாற்காலியில் இரண்டு மக்காச்சோளக் கதிர்கள்.

கணவரை எதிர்த்து மனைவி போட்டியிட்டதற்குக் காரணம் பகையன்று, சட்டம். குறைந்தது இரண்டு வேட்பாளர்கள் இல்லையெனில் ஊர்த்தேர்தல் நடைபெறாது. பன்னிரண்டு ஆண்டுகள் தலைவராக இருந்த மர்தோயோவை எதிர்க்க எவரும் முன்வரவில்லை. கெடுவை இருபது நாள் நீட்டித்தும் பயனில்லை. இறுதி நாள் மாலையில், ஊர்ப்பள்ளி ஆசிரியனும் தேர்தல் குழுவின் செயலருமான என்னிடம் மர்தோயோவே இரண்டாவது மனுவைக் கொண்டுவந்தார். பெயர்: சுகாத்மி. வயது: ஐம்பத்திரண்டு. கொள்கை: "இப்போதைய தலைவரின் வழியிலேயே நடப்பேன்." கையெழுத்தைத் தவிர மற்ற அனைத்தும் மர்தோயோ எழுதியவை. "தப்பித் தவறி வென்றால் விலகிவிடுவேன்" என்று முத்திரைத்தாளில் தனியே ஓர் உறுதிமொழியையும் மனைவியிடம் எழுதி வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சுகாத்மி தோஃபு செய்பவரின் மகள். பத்தொன்பது வயதில் சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்குச் சென்று நான்காண்டுகள் இருந்தவர். தலைவரின் மனைவி என்ற முறையில் ஊர் மாதர் சங்கத் தலைமை அவருக்குத் தானாகவே வந்தது. மாதந்தோறும் குழந்தைகளை எடை போடுவது அவர் பொறுப்பு. எனினும் அவருடைய பெரிய வேலை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறக்குறைய முந்நூறு பேர் ஹாங்காங்கிலும் தைவானிலும் வேலை செய்கின்றனர். முதலாளி கடவுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டாலும், நோய் வந்தாலும், சுகாத்மியின் அடுப்படியில்தான் தொலைபேசி ஒலிக்கும். "உள்நாடு பாக் லூராவுக்கு, வெளிநாடு பு லூராவுக்கு" என்று ஊரார் சொல்வதுண்டு. ஊர்த்தலைவரை நாங்கள் லூரா என்றே அழைப்போம்.

ஒருமுறை ஓர் அதிகாரியிடம் அவர் தொலைபேசியில் பேசியதை நானே கேட்டிருக்கிறேன்.

"நாளைக்குக் கூப்பிடுங்க, பு."

"நாளைக்கும் கூப்பிடுறேன் தம்பி. இன்னிக்கு மட்டும் வெக்க மாட்டேன். நீங்க ஃபைலைத் தேடுங்க. இங்க பலாக்காய் வேக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."

பலாக்காய் வேகும் முன்னரே கோப்பு கிடைத்துவிட்டது.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் மர்தோயோவுக்குப் புதிய கவலை பிறந்தது. மனைவிக்கு ஒரு வாக்கும் விழாமற்போனால் அது வீட்டுக்கே அவமானமல்லவா? எனவே அவர் உறவினர் வீடுகளுக்கெல்லாம் சென்றார்.

"அவளுக்கும் கொஞ்சம் போடுங்கப்பா. மரியாதைக்கு."

"கொஞ்சம்னா எவ்வளவு, பாக்?" என்றார் அவர் தம்பி.

"அதை நான் எப்படிச் சொல்றது? பார்த்துப் போடுங்க."

அனைவரும் பார்த்தே போட்டனர்.

வாக்குப்பதிவு நாளன்று மேடையைக் கடந்த முதியவர் ஒருவர், மணமேடையை வணங்குவதுபோல் வணங்கி, "மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பத்து மணிக்குச் சுகாத்மி எழுந்தார்.

"அடுப்புல குழம்பு இருக்குங்க. எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

"உக்காரு! நீ வேட்பாளர்!" என்றார் மர்தோயோ.

"வேட்பாளர் வீட்டுக் குழம்பு தீயாதா?"

அப்போது வரிசையில் நின்ற பு கத்தினியின் கைப்பேசியிலிருந்து, தைவானிலுள்ள அவர் மகளின் குரல் பந்தல் முழுவதும் கேட்டது: "அம்மா, மறந்துடாத! ரெண்டாம் நம்பர்! சோளம்!"

நான் எழுந்து சென்றேன். "இன்னிக்குப் பிரசாரம் கூடாது, பு."

"நானா பண்றேன்? அவ பண்றா. உங்க சட்டம் தைவான் வரைக்கும் செல்லுமா, குருவே?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன், அதற்கு விடை இல்லை. கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே செல்லுமாறு கூறினேன். சிறிது நேரத்தில் மேசையில் பதினேழு கைப்பேசிகள் சேர்ந்தன. அவற்றுள் பல ஒலித்த வண்ணமிருந்தன.

பிற்பகலில் எண்ணிக்கை தொடங்கியது. ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வாக்காளர் சின்னத்தின்மேல் ஆணியால் குத்திய துளையைக் காட்டி எண்ணைக் கூறினேன், "செல்லும்!" என்று கூட்டம் முழங்கியது. சோளத்துக்கு முதல் பத்து வாக்குகள் விழுந்தபோது மர்தோயோ மகிழ்ந்தார்.

"பாத்தியா? நான் சொல்லி வெச்சேன்."

நூறானபோது தம்பியைத் தேடினார். நானூறானபோது தேடுவதை நிறுத்தினார். முடிவு: நெல், அறுநூற்றுப் பதினொன்று. சோளம், எண்ணூற்று எழுபத்து நான்கு.

"இனிமே குழந்தைங்களை எடை போட நீங்கதான் வரணும், பாக்!" என்று ஒருத்தி கூவினாள். பந்தல் சிரிப்பால் அதிர்ந்தது.

மர்தோயோ சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, மேடைக்கு வந்திருந்த வட்டார அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி அதை இருமுறை படித்தார்.

"இவங்க விலகினா, பாக், உங்களுக்குப் பதவி வராது. அடுத்த தேர்தல் வரைக்கும் எங்க அலுவலகத்து ஆள் ஒருத்தர் வந்து உக்காருவார்."

"எந்த ஊர்க்காரர்?"

"வெளியூர்."

மர்தோயோ மனைவியைப் பார்த்தார். சுகாத்மி அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் ஒலித்துக்கொண்டிருந்த கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மர்தோயோ தம் நாற்காலியில் மெல்ல அமர்ந்து, நெற்கதிர்க் கட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குழம்பு தீஞ்சிருக்கும். நான் போய்ப் பாக்கறேன்" என்றார், ஆனால் எழவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்து, சுகாத்மியிடம் தாளைக் காட்டினார்.

"பு, இதுல எழுதியிருக்கிறபடி விலகறீங்களா?"

"விலகலை, பாக்."