மலையோடு ஒரு முதலாளி

வெட்டவெளி அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஸ்டுடியோ என்று ஓர் அறை இருந்தாலும் அதற்குள் யாரையும் உட்காரவைத்துப் படம் எடுக்கமாட்டார். கல்யாண ஜோடியோ கைக்குழந்தையோ, ஏரிக்கரைக்கோ பாறைக்கோ இழுத்துப்போய்விடுவார். "மூஞ்சிய மட்டும் பாக்கறதுக்குக் கண்ணாடி போதாதா?" என்பார்.

அவருடைய தம்பி கல்குவாரியில் துளை போடும் வேலை பார்த்தான். ஒருநாள் பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தான்.

"குடிச்சிட்டு ரோட்டோரப் பள்ளத்துல விழுந்துட்டான். அன்னிக்கு அவன மலையில ஏத்தவே இல்ல" என்று முதலாளி சத்தியம் செய்தார். தம்பி சொட்டுகூடக் குடிக்காதவன். வேலை போய்விடும் என்ற பயத்தில் கூட இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. மகனைக் குடிகாரன் என்றதும் அம்மா வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். அக்கா அழவில்லை, கறுவிக்கொண்டிருந்தார்.

பாறையின் வெட்டுமுகத்தை நீள லென்ஸில் துழாவியவர் ஒருநாள் அதைக் கண்டுபிடித்தார். உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறையில் அடித்த இரும்பு முளையில் மாட்டியபடி ஒரு சிவப்புப் பை. சாப்பாடு கொண்டுபோக அவர் தம்பிக்குக் கொடுத்த பழைய கேமராப் பை. அதனால்தான் குவாரியில் அவனைக் 'கேமராமேன்' என்று கிண்டலடிப்பார்கள். தனியாகப் போய்க் காட்டினால் மறுநாளே பையை எரித்துவிடுவார்கள். அக்கா பொறுத்திருந்தார்.

கடைசியில் முதலாளியே வந்து நின்றார். செத்தவனின் அக்கா என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

"புது ஆபீஸ் திறக்கறேன்மா. சுவர் முழுக்க என் படம். பின்னாடி என் மலை கம்பீரமா நிக்கணும்."

"நிக்க வெச்சிடறேன் சார்."

அவரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அக்கா வெகுதூரம் பின்னால் போனார். அங்கிருந்து நீள லென்ஸில் பார்க்கையில் மலை முதலாளியின் தோளுக்கே வந்துவிட்டது. முகமும் பாறையும் ஒருசேரத் துல்லியமாக விழுந்தன. போனில் சின்னதாகப் பார்த்த முதலாளி "பிரமாதம்" என்றார்.

திறப்பு நாளன்று திரை விலகியது. சுவரளவுப் படத்தில், முதலாளியின் காதருகே சிவப்பாக ஏதோ தொங்கியது.

"டேய், அது கேமராமேன் பைடா!" என்று குவாரி ஆள் ஒருவன் கத்தினான்.

அக்காவின் கையைப் பிடித்திருந்த அம்மா முன்னால் வந்தாள். "ரோட்டுல விழுந்தவன் பை மலை மேல எப்படிய்யா தொங்குது?"

துளைக்காரர் ஒருவர் முதலில் சொன்னார்: "இவர்தான் ஏத்தினாரு. மழை ஈரம், வழுக்கும்னு கெஞ்சினோம்." பிறகு ஆளுக்கு ஆள் பேசினார்கள்.

வழக்கு நடக்கிறது. குவாரிக்குப் பூட்டு. அம்மா மறுபடி கடைகண்ணிக்குப் போய்வருகிறாள். "இனியாவது அந்தாள விட்டுடும்மா" என்று அக்காவிடம் சொல்கிறாள்.

ஜாமீனில் வந்த முதலாளி அக்காவைக் கண்டால் பக்கத்துத் தெருவில் திரும்பிவிடுகிறார். அக்காவும் அதே தெருவில் திரும்புகிறார்.